சாதனைக் குமிழி

மனிதன் மூச்சுவிடத் தொடங்கி எத்தனையோ லட்சம் வருடங்கள் ஆகின்றன. ஆனால் அந்தக் காரியத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று இதுநாள்வரை யாருக்கும் தோன்றவில்லை. அவனவன் பாட்டுக்கு, அனுமதி கேட்காமல், படிவம் நிரப்பாமல், கிடைத்த காற்றை இழுத்துக்கொண்டு திரிந்தான். அந்த அநாகரிக யுகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை 'தூய பிராணவாயு ஆய்வு நிலைய'த்தையே சேரும். நிலையத்தில் மூன்று மாடிகள், பதினோரு குழுக்கள், ஒரு சூளை. மாடிகளையும் குழுக்களையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருந்தார்கள். சூளையைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் ஆமை.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது நிலையம் பார்த்து வைத்த பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை. நாற்பத்தைந்து வயதில் பெயருக்காகச் சண்டை போடுகிறவர் சூளை வேலைக்கு லாயக்கில்லாதவர் என்பது அவருடைய எண்ணம்.

அவர் செய்த வேலை இதுதான். காற்று என்பது ஒரு கூட்டுக் குடும்பம். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன், வேலைவெட்டி இல்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர். இதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் தனியே பிரித்துக் கூட்டி வருவதற்கு ஒரு பீங்கான் குழாய் உண்டு. விரல் தடிமன், இரண்டு சாண் நீளம், கரிக்கட்டை நிறம். அதைத் தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடாக்கி வெளியே காற்றை நிறுத்தினால், ஆக்சிஜன் மட்டும் சுவருக்குள் புகுந்து குழாயின் உட்பக்கம் வந்து சேரும். நைட்ரஜன் தலைகீழாக நின்றாலும் உள்ளே வர முடியாது. குழாயின் சுவரில் ஓட்டை என்று ஒன்றும் கிடையாது. ஓட்டை இல்லாமலே ஆளைப் பார்த்து உள்ளே விடுவதுதான் அந்தப் பீங்கானின் கெட்டிக்காரத்தனம். அதில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்தால் போதும், எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் குழாய்க்கும் ஒரு ஜன்னலுக்கும் வித்தியாசம் இல்லை.

பச்சைக் குழாயைச் சுட்டுப் பீங்கானாக்குவதுதான் ஆமையின் பொறுப்பு. நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் ஏற்றுவார். பதினைந்து மணி நேரம் ஏற்றம், பதினைந்து மணி நேரம் இறக்கம். இடையில் கொஞ்சம் அவசரப்பட்டால் குழாயின் வெளிப்பக்கம் ஒரு சூட்டிலும் உட்பக்கம் ஒரு சூட்டிலும் நின்று, இரண்டும் ஒத்துவராமல் விரிசல் கண்டுவிடும். பதறாத காரியம் சிதறாது என்பதை மற்றவர்கள் பழமொழியாகச் சொல்வார்கள். ஆமை அதை வேலை விதியாக வைத்திருந்தார். ஆறிய குழாயை வெளியே எடுத்ததும் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். 'டிங்' என்றால் நல்ல குழாய். 'டொக்' என்றால் குப்பைக்கூடை. இரண்டு வருடத்தில் அவர் கூடை பெரும்பாலும் காலியாகவே இருந்தது. இதை ஒரு சாதனை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

காரணம், சாதனைக்கு வேறு அளவுகோல் இருந்தது. அது குமிழி.

ஒரு கண்ணாடிக் குழல், அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். பீங்கானிலிருந்து வரும் ஆக்சிஜனை அடியில் விட்டால் ஒரு சோப்புக் குமிழி குழலுக்குள் மேலே ஏறும். அது எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு ஓட்டம். ஆமையின் குழாய்களில் அந்தக் குமிழி மாடிப்படி ஏறும் கர்ப்பிணியைப் போல நின்று நின்று ஏறும். பார்க்க வருகிற விருந்தினர்கள் முதலில் குமிழியைப் பார்ப்பார்கள், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு இயக்குநரைப் பார்ப்பார்கள். அந்த மூன்றாவது பார்வையைத்தான் இயக்குநரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இயக்குநர் சாதாரணமானவர் அல்ல. குடிநீர் வாரியத்தில் இருபது வருடம் கோலோச்சிவிட்டு இங்கே வந்தவர். குழாய் என்று ஒன்று இருந்தால் அதில் கொட்ட வேண்டும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. வந்த வாரமே 'படிவம் ஏழு' என்ற ஒரு சோதனைப் படிவத்தை உருவாக்கினார். அதில் குழாயின் நீளம், எடை, நிறம், ஓட்டம், ஒப்பம் என்று ஐந்து கட்டங்கள். தூய்மைக்குக் கட்டம் இல்லையே என்று ஆமை ஒருமுறை கேட்டார்.

"வாசல்ல போர்டு பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர்.

"பார்த்தேன் சார்."

"முதல் வார்த்தை என்ன?"

"தூய."

"அவ்வளவு பெருசா எழுதி மாட்டியிருக்கோம். அதுக்கப்புறமும் அளந்து பார்த்தா நம்மளை நாமே சந்தேகப்படுற மாதிரி ஆகாதா?"

ஆமை வாசலுக்குப் போய்ப் போர்டை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சூளைக்குத் திரும்பினார்.

இதெல்லாம் நிலையத்தின் நான்கு சுவருக்குள் இருந்தவரை ஆமைக்கும் பெரிதாகக் கவலை இல்லை. வினை மச்சான் வழியாக வந்தது.

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டர். டிக்கெட் கேட்டவர்களைவிட அவருடைய கிண்டலைக் கேட்க ஏறியவர்கள் அதிகம் என்று அவரே சொல்லுவார். இப்போது நகராட்சி ஆஸ்பத்திரியில், நாலாவது மாடி வார்டில், ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்தார். நுரையீரலில் பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. மூக்கிலும் வாயிலும் மாஸ்க், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டியிருப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அது எண் காட்டும். சிலிண்டர் இருந்தால் தொண்ணூற்று நாலு. சிலிண்டரை எடுத்தால் கால்மணியில் எண்பதுகளில் இறங்கிவிடும். எண்பதுகளில் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது என்று வார்டின் தலைமை நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த வார்டில்தான் நிலையத்தின் முதல் இயந்திரத்தை வைப்பது என்று முடிவாயிற்று. அறுபது பீங்கான் குழாய்களை வைத்த இயந்திரம். பிளக்கைச் சுவரில் செருகினால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து வார்டு முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிலிண்டரே தேவையில்லை.

"மாப்ளே," என்றார் மச்சான், வாக்கியத்தை மூன்று தவணையாகப் பிரித்து. "உன் குழாய்... வரட்டும். இந்தச் சிலிண்டரை... உருட்டுற சத்தத்துல... தூக்கமே போச்சு."

"வந்துரும் மச்சான். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"உன்கிட்ட... பொண்ணு குடுத்தப்பவே... பொறுத்துக்கிட்டோம்."

ஆமைக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. இத்தனை நாள் சுட்ட குழாய்கள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது தெரிந்தது. ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் போகின்றன.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் துணை இயக்குநர் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இயக்குநர் சொல்வதை எழுதிக்கொள்வதும், அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடிப்பதும் துணை இயக்குநரின் பணிகள்.

"அறுபது குழாய்க்கு எத்தனை நாள் வேணும்?"

"இருபது நாள் சார். ஒரு தடவைக்கு ஆறு குழாய், ரெண்டு நாள் ஆகும்."

"அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பெரிய இடத்துலேருந்து வர்றாங்க."

"அவங்களை இருபது நாள் கழிச்சு வரச் சொல்லலாமே சார்."

துணை இயக்குநருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து அவர் சரியாகும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நிமிஷத்துக்குப் பத்து டிகிரி ஏத்தினா என்ன?" என்றார் இயக்குநர்.

"விரிசல் விடும் சார்."

"எப்படித் தெரியும்? ஏத்திப் பார்த்தீங்களா?"

"முதல் வருஷம் பார்த்தேன் சார். விரிசல் விட்டுச்சு."

"ஒருவேளை மனசு வச்சு ஏத்தலையோ என்னவோ," என்றார் துணை இயக்குநர்.

அன்று மாலையே ஆமைக்கு ஓர் ஆணை வந்தது. அவரைத் திருத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு 'நேர மேலாண்மைப் பயிற்சி'க்கு அனுப்பியிருந்தார்கள். நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்து, ஒரு நாளில் எத்தனை நிமிடங்கள் என்று எல்லாரையும் தனித்தனியாகக் கேட்டார். ஆமை நன்றாகத் தேறினார். சான்றிதழ் மட்டும் தாமதமாக வரும் என்றார்கள்.

திரும்பி வந்தபோது சூளை அறையில் அறுபது குழாய்களும் வெள்ளைத் துணிமேல் வரிசையாகப் படுத்திருந்தன. துணை இயக்குநர் தன் திருக்கரத்தாலேயே பொத்தானை அழுத்தியிருந்தார். ஒன்றரை மணியில் ஏற்றம். இறக்கத்துக்குச் சூளைக் கதவைத் திறந்து வைத்து, மின்விசிறியும் போட்டிருக்கிறார்.

ஆமை முதல் குழாயைத் தட்டினார். டொக். இரண்டாவதைத் தட்டினார். டொக். அறுபதையும் தட்டி முடிப்பதற்குள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து அறைக்காரர் இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐம்பத்தெட்டு டொக், இரண்டு டிங். ஒரு குழாயின்மேல் சிவப்பு மையைத் தடவித் துடைத்தார். துடைத்த இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு நின்றது. அப்படியே எழுந்து இயக்குநர் அறைக்கு நடந்தார், வழக்கத்தைவிடச் சற்று வேகமாக.

அங்கே ஏற்கெனவே சோதனைக் குழு கூடியிருந்தது. ஒரு குழாயைச் சூடாக்கிக் கண்ணாடிக் குழலோடு இணைத்திருந்தார்கள். துணை இயக்குநர் வால்வைத் திறந்தார். குமிழி கிளம்பியதை யாரும் பார்க்கவில்லை. அது குழலை விட்டு வெளியே பாய்ந்து இயக்குநரின் மூக்குக்கண்ணாடியில் மோதி உடைந்ததைத்தான் பார்த்தார்கள். பிறகு கைதட்டல். இயக்குநர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதை அப்படியே படம் எடுக்கச் சொன்னார். நானூறு மடங்கு ஓட்டம் என்று படிவம் ஏழில் எழுதி, அதற்குச் 'சாதனைக் குமிழி' என்று பெயர் சூட்டும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"சார், அது காத்து," என்றார் ஆமை.

எல்லாரும் திரும்பினார்கள்.

"குழாயெல்லாம் விரிசல் சார். தட்டிப் பார்த்தேன். உள்ள போற காத்து அப்படியே வெளிய வருது. அதான் குமிழி ஓடுது."

"தட்டிப் பார்த்தீங்களா?" என்றார் துணை இயக்குநர். "படிவத்துல தட்டுறதுக்குக் கட்டம் இருக்கா?"

ஆமை இதற்குத் தயாராகவே வந்திருந்தார். அலமாரியின் அடியிலிருந்து தூய்மை மீட்டரை எடுத்து வந்திருந்தார். எந்த வாயுவில் காட்டினாலும் அதில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று சொல்லிவிடும். அவருடைய பழைய குழாய்களில் அது தொண்ணூற்றொன்பது காட்டும். இப்போது வெளிக்குழலில் காட்டினார். இருபத்தொன்று. சாதாரணக் காற்றில் எவ்வளவோ அவ்வளவு.

இயக்குநர் மீட்டரை வாங்கி, அறையின் நடுவில் தூக்கிப் பிடித்தார். இருபத்தொன்று. குழலில் பிடித்தார். இருபத்தொன்று. மறுபடி அறையில் பிடித்தார்.

"இங்கயும் இருபத்தொண்ணு, அங்கயும் இருபத்தொண்ணு. முள் நகரவே மாட்டேங்குது. மீட்டர் ரிப்பேர்."

"மீட்டர் நல்லாத்தான் சார் இருக்கு. ரெண்டு இடத்துலயும் ஒரே காத்து. அதான் நகரல."

"ரிப்பேர்னு எழுதுங்க," என்றார் இயக்குநர். துணை இயக்குநர் எழுதினார். மீட்டர் அன்றே பழுது பார்க்கும் பிரிவுக்குப் போயிற்று. அங்கே அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'எங்கள் அறையிலும் இருபத்தொன்றுதான் காட்டுகிறது, கோளாறு தீவிரமானது' என்று பதில் அனுப்பினார்கள்.

ஆமை விடவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, கண்ணெதிரே காட்டிவிடலாம் என்று மறுநாள் ஒரு மரக்குச்சியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போனார். குச்சியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்து, நுனியில் கங்கு மட்டும் கனிந்துகொண்டிருக்கும்படி பிடித்தார்.

"நிஜ ஆக்சிஜன்னா இதைக் காட்டினதும் குப்புனு பத்திக்கணும் சார். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க."

சாதனைக் குழாயின் வாயில் கங்கைக் காட்டினார். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு புகைந்து அணைந்துவிட்டது. அடுத்து, தன்னுடைய பழைய குழாய் ஒன்றிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பிடித்து ஒரு ரப்பர் பையில் அடைத்து வைத்திருந்த ஆக்சிஜனில் காட்டினார். குச்சி குப்பென்று வெள்ளையாகப் பற்றி எரிந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல ஆமை நிமிர்ந்து பார்த்தார்.

துணை இயக்குநரின் முகத்திலும் ஒரு வெளிச்சம் பரவியது.

"சார், நம்ம புது ஆக்சிஜன் தீப்பிடிக்கல."

இயக்குநர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். "உலகத்துல வேற எங்கயாவது இது இருக்கா?"

"தெரிஞ்சு இல்ல சார்."

'தீ அபாயமற்ற ஆக்சிஜன்' என்ற வாசகம் அழைப்பிதழில் சேர்க்கப்பட்டது. பழைய முறைக் குழாய்கள் தீ விபத்துக்கு வழிவகுப்பவை என்று கண்டறிந்து நிரூபித்ததற்காக ஆமைக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்கள். இந்த நிலையத்தில் அவர் பெற்ற முதல் பாராட்டு அது.

வீட்டில் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"வார்டு பூரா சொல்லிட்டு வந்திருக்கேங்க. எங்க வீட்டுக்காரர் செஞ்ச மெஷின்னு."

"நான் செய்யல."

"தன்னடக்கமெல்லாம் போதும்."

ஆமை சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் நடுவில் எழுந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை மட்டும் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்போ எங்க அண்ணனுக்கு அந்த மெஷின்?"

"ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி."

"சிலிண்டர் இருக்குல்ல?"

"வெள்ளிக்கிழமை வார்டுல இருக்கிற பத்தையும் லாரில ஏத்தித் திருப்பி அனுப்பணும்னு இயக்குநர் ஆணை. மெஷின் வந்தப்புறம் சிலிண்டர் இருந்தா, மெஷின் மேல நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகுமாம்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"மூணு தடவை. மூணுக்கும் 'கிடைத்தது'னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

அவள் அந்தப் பாராட்டுக் கடிதத்தை நாலாக மடித்தாள். "எழுதினதெல்லாம் போதும். வெள்ளிக்கிழமை போய் அண்ணன் பக்கத்துல நில்லுங்க. நானும் வர்றேன். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க இயக்குநரை நான் சும்மா விடமாட்டேன்." இரண்டு வருடம் பொறுத்த ஆமைக்கு வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வார்டு பளபளவென்று இருந்தது. நோயாளிகளுக்குப் புதுப் போர்வை, இயந்திரத்துக்கு ரிப்பன், புகைப்படக்காரருக்கு நாற்காலி. ஆறாம் நம்பர் கட்டில் இயந்திரத்துக்கு மிக அருகில் இருந்ததால், படத்துக்கு மச்சானையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பத்து சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுபோய் லிப்டில் ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் வாசலில் கைகட்டி நின்று ஒவ்வொன்றும் போவதைப் பார்த்தார்.

"ஒண்ணாவது வச்சிட்டுப் போங்கனு சொன்னேன்," என்றார் ஆமையிடம். "ஆணை பத்துக்கும்னு சொல்லிட்டாங்க."

இயந்திரத்தை இயக்கினார்கள். உஸ்ஸென்று பிரமாதமான சத்தத்தோடு காற்று வந்தது. மாஸ்க்கை மாட்டிக்கொண்ட மச்சான் ஆமையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். விரல் கிளிப்பில் தொண்ணூற்று மூன்று.

பெரிய இடத்துக் கார் இன்னும் வரவில்லை. இயக்குநர் கீழே போய்ப் பார்க்கக் கிளம்பினார். லிப்டில் சிலிண்டர் இறங்கிக்கொண்டிருந்ததால் படியில் போனார், படியில் வந்தார். தொண்ணூறு. கார் சத்தம் கேட்டதாக யாரோ சொன்னார்கள். மறுபடி நான்கு மாடி இறங்கி, மறுபடி ஏறினார். வந்தது காய்கறி வண்டி. எண்பத்தெட்டு.

மச்சான் கிண்டலை நிறுத்தியிருந்தார். அவர் கை, போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமை படியில் கீழே ஓடி, லாரி டிரைவரிடம் ஒரே ஒரு சிலிண்டர் கேட்டார்.

"ஏத்தினதை இறக்கணும்னா பேப்பர் வேணுங்க," என்றார் டிரைவர். "இயக்குநர் சொன்னா இறக்கிடுறேன். எனக்கென்ன ஆசையா?"

ஆமை மேலே வந்தபோது எண்பத்தாறு. துணை இயக்குநர் கட்டிலருகே குனிந்து, "கொஞ்சம் ஒத்துழைக்கணும், நல்லா இழுத்து விடுங்க," என்று மச்சானுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது இயக்குநருக்குத் தொலைபேசி வந்தது. வார்டில் சரியாகக் கேட்கவில்லை என்று மூன்றாம் முறையாகக் கீழே இறங்கிப் போய்ப் பேசினார். பெரிய இடத்துக்கு இன்று வர வசதிப்படவில்லை, மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு அவர் நாலாவது மாடிக்கு ஏறி வந்தார். வாசலிலேயே சுவரைப் பிடித்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தள்ளாடி வந்து ஆறாம் நம்பர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்து திறந்து மூடியது. சட்டைப் பொத்தானைக் கழற்றவும் விரல் ஒத்துழைக்கவில்லை.

மச்சான் அவரைப் பார்த்தார். மூச்சு முட்டுவது என்றால் என்னவென்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தன் மாஸ்க்கைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க... சார். உங்க... மெஷின்தான்."

இயக்குநர் அந்த மாஸ்க்கைப் பார்த்தார். பின்பு கையால் அதைத் தள்ளினார்.

"சிலிண்டர்," என்றார். "சிலிண்டர்... கொண்டாங்க."

"மெஷின் பக்கத்துலயே இருக்கே சார்," என்றார் தலைமை நர்ஸ்.

"சிலிண்டர்."

"பத்தும் லாரியில இருக்கு சார். உங்க ஆணை."

"இப்ப... ஆணை... சிலிண்டர்."

அதற்குமேல் அந்த அம்மாவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பத்தையும் இறக்குங்க, இயக்குநர் ஆணை," என்று கீழே குரல் கொடுத்தார். ஆமை படியில் கீழே ஓடினார். நிலையத்தில் யாரும் அவர் ஓடிப் பார்த்ததில்லை. முதல் சிலிண்டரை லிப்டில் ஏற்றி, வார்டுக்குள் அவரே உருட்டிக்கொண்டு வந்தார். இயக்குநர் இரண்டு கையையும் நீட்டினார்.

"ஆறாம் நம்பர் முதல்ல சார்," என்றார் தலைமை நர்ஸ். "நீங்க இப்பத்தான் வந்திருக்கீங்க." மச்சானின் முகத்தில் மாஸ்க் ஏறியது. எண்பத்தைந்து, எண்பத்தேழு, தொண்ணூறு. தங்கை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். இரண்டாவது சிலிண்டர் லிப்டில் வந்துகொண்டிருந்தது.

ஆமை இயக்குநர் பக்கம் திரும்பினார். இத்தனை நாளும் இந்த மனிதருக்கு விஷயம் புரியவில்லை என்றே நினைத்து, நகத்தாலும் மையாலும் மீட்டராலும் குச்சியாலும் விளக்கிக்கொண்டிருந்தவர் அவர். இப்போதும் மரியாதை குறையாமல்தான் கேட்டார்.

"அந்த மெஷின்லயும் ஆக்சிஜன்தானே சார் வருது? நீங்கதானே சார் சொன்னீங்க?"

இயக்குநர் அவரை எரிச்சலோடு பார்த்தார்.

"யோவ், அது நோயாளிகளுக்குய்யா," என்றார். "எனக்கு... நிஜமாவே மூச்சு முட்டுது."